வண்டி ஓட்ட இடம் கேட்ட பிள்ளைகளுக்கு



"சார், லீவுக்குக் கூடுவாஞ்சேரி வர்றோம். மாமல்லபுரம் பக்கம் பீச் மணல்ல பைக், ஏ.டி.வி. ஓட்டலாமா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கடற்கரை வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, சுமார் ஒன்றரை அடி ஆழத்தில் ஏறக்குறைய நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். சக்கரம் ஏறி மணல் இறுகினால் குஞ்சுகளால் மேலே வர முடியாது. வந்தாலும் டயர் பள்ளத்தில் விழுந்தால் கடலை எட்டுவது கடினம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. இந்த முட்டைகளைக் காப்பாற்ற, 1988 முதல் சென்னை மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடக்கிறார்கள்.

வற்றிய ஏரியும் வேண்டாம். கரை சரிந்தால் மழைக்காலத்தில் ஊருக்குத்தான் ஆபத்து. வண்டலூர் காப்புக்காட்டுக்குள்ளும் வண்டியை விடாதீர்கள்.

பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு நடத்தும் களமாகப் பார்த்துப் போங்கள். வாடகைக்கு வண்டி தருபவரிடம் முதலில், "இது யார் இடம்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள். ஹெல்மெட் அவசியம்.

ஆசீர்வாதங்களுடன்,
உங்கள் ஆசிரியர்