அனந்தபுரியும் ஒரு பழைய புகைப்படமும்

அனந்தபுரிக்குச் செல்வோர் பத்மநாபசுவாமியைத் தரிசித்து, சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வண்டியேறுவது வழக்கம். சென்ற முறை எனக்குச் சற்றே ஓய்வு கிட்டியது. தம்பானூர் இரயில் நிலையத்திலிருந்து தலைமைச் செயலகம் வரை நடந்தே சென்றேன். 1869-இல் திறக்கப்பெற்ற அவ்வெண்ணிற மாளிகையின் எதிரே நின்றபோது என் நினைவில் எழுந்தவர் மன்னரோ மந்திரியோ அல்லர். புகைப்படக் கலைஞர் சிவன்.

1957 ஏப்ரல் 5-ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமை அமைச்சரவை பதவியேற்றது. வாளின்றி, வாக்குச் சீட்டால் நிகழ்ந்த அம்மாறுதலை உலகம் வியந்து நோக்கிற்று. அந்நிகழ்ச்சியைப் படமாக்கியவர் சிவன். 1959 ஜூலை 31-இல் அவ்வாட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் சிவன் இந்நகரில் தம் ஸ்டூடியோவைத் திறந்தார். ஆட்சிகள் வந்தன, போயின. 2021-இல் அவரும் மறைந்தார். படங்கள் நிற்கின்றன.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சக்கரியாஸ் டி குரூஸ் என்பார் திருவிதாங்கூரைப் படம் பிடித்தார். அவர் தொகுப்பில் அரண்மனைகளும் பொதுக் கட்டடங்களும் இயற்கைக் காட்சிகளும் சிறப்பிடம் பெற்றன. கட்டடத்திற்குப் பெயர் உண்டு. அதன் நிழலில் ஒதுங்கிய மனிதனுக்கு யார் பெயர் எழுதி வைத்தார்?

இவ்வினா என்னைச் சுட்டது. எங்கள் இல்லத்திலும் ஒரு பழைய படம் உண்டு. நாகர்கோவிலும் இந்நகரும் ஒரே இராச்சியமாய் இருந்த காலத்தில் இங்கு எடுத்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை பிரிந்தது. உறவுகளும் திசைக்கொன்றாய்ப் பிரிந்தன. படத்தில் என் பாட்டனாரோடு ஒன்பது பேர் நிற்கின்றனர். அவர்களுள் இருவரையே நாங்கள் அறிவோம். எஞ்சியோரை எல்லாம் பெயர் சொல்லிக் காட்டவல்ல பாட்டியார் உயிரோடிருந்த நாளில் ஒருவரும் கேட்டிலோம். அவர்களும் இவ்வீதிகளில் நடந்தவர்கள்தாமே!

தலைவர்தம் படங்களைச் சரித்திரம் காக்கும். நம் வீட்டுப் படங்களை நாமே காத்தல் வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் அன்பர்களே, இன்று செல்பேசியில் ஆயிரம் படம் எடுக்கின்றோம். அது நன்றே. ஆயினும், பெட்டியடியில் கிடக்கும் பழைய படத்தை எடுத்து, வீட்டில் மூத்தோர் அருகே அமருங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, அதன் பின்புறத்தில் மென்மையாய்ப் பென்சிலால் எழுதி வையுங்கள். நாளைக்கென்று தள்ளி வைக்காதீர்கள்.