அப்பாவின் வீடியோவும் அம்மாவின் டிவிடி பிளேயரும்

கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடுகிற வீடியோ, டிஸ்க்கில் ஏற்றி வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் மட்டும் ஓடாது. "நோ டிஸ்க்" என்று காட்டும், இல்லாவிட்டால் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்காகப் படப்பையில் தங்கியிருக்கும் ஒரு பையனின் கதை இது.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது படப்பை. மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஒரகடம். அங்கே கார், லாரி, பைக் என்று எல்லா வண்டிக்கும் தொழிற்சாலை உண்டு. அதில் ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன் அவன். நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை. சொந்த ஊர் செய்யாறு பக்கம்.

அவனுக்கு முன்பே அவன் அக்கா இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையில் சில வருடங்கள் இருந்தாள். 2009 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சம்பளத்தில் வாங்கிய நோக்கியா போனில் அப்பாவை வீடியோ எடுத்தாள். மொத்தம் 43 நொடி. மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். "போதும்மா, சார்ஜ் தீந்துடப் போவுது" என்கிறார். அவ்வளவுதான்.

2012-இல் அப்பா தவறிவிட்டார். சுவரில் போட்டோ இருக்கிறது. குரல் மட்டும் அந்த 43 நொடியில்தான் இருக்கிறது.

இந்த வருடம் திதிக்கு முன்னால் அம்மா கேட்டார், "போன்ல சின்னதா தெரியுதுடா. அத நம்ம டீவில போட்டுக் காட்டு." அந்த டிவி, 2006-இல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இஞ்ச் பெட்டி. யூ.எஸ்.பி. எல்லாம் கிடையாது. அதோடு ஒரு டிவிடி பிளேயர். ரிமோட்டில் எந்தப் பட்டன் எதற்கு என்று அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். புது டிவி வாங்கலாம் என்றால், "இது நல்லாத்தானே ஓடுது" என்கிறார்!

அவன் லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை. படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பழைய கம்ப்யூட்டரில் ரைட்டர் இருந்தது. முதல் முயற்சியில் கோப்பை அப்படியே டிஸ்க்கில் ஏற்றினான். அது "3ஜிபி" என்று முடியும் கோப்பு. மூன்று ஜிகாபைட் என்று நினைத்துவிட வேண்டாம், அது வடிவத்தின் பெயர். கோப்பின் எடை அரை எம்பிதான். ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டான். ஓடவில்லை.

அடுத்த முறை கோப்பின் வால் பெயரை "எம்பிஜி" என்று மாற்றி ஏற்றினான். அப்போதும் ஓடவில்லை. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா என்ன?

ஏன் ஓடவில்லை? கம்ப்யூட்டருக்குப் புதிய வடிவம் வந்தால் புதிய மென்பொருள் போட்டுக்கொள்ளலாம். டிவிடி பிளேயருக்குள் இருக்கும் சிப், தொழிற்சாலையில் கற்றுக்கொண்டதோடு சரி. பெரும்பாலான பிளேயர்களுக்குத் தெரிந்தவை, 1993-இல் வந்த விசிடிக்கான எம்பெக்-1, 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடிக்கான எம்பெக்-2. டிவ்எக்ஸ் முத்திரை இருக்கும் பிளேயர் இன்னும் கொஞ்சம் படிக்கும். அந்த நோக்கியா வீடியோவோ ஹெச்.263 என்ற வகை, ஒலி ஏஎம்ஆர் என்ற வகை. பிளேயருக்கு இரண்டுமே தெரியாத மொழி.

ஆகவே மொழிபெயர்க்க வேண்டும். அதைத்தான் 'கன்வர்ட்' செய்வது என்கிறோம்.

இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. போன் வீடியோவின் அளவு 176 x 144 புள்ளிகள். இதை நீளத்திலும் உயரத்திலும் இரட்டிப்பாக்கினால் 352 x 288. இந்தியாவில் நாம் பயன்படுத்தும் பால் முறை விசிடியின் அளவு அதுவேதான்! இன்னொரு முறை இரட்டிப்பாக்கினால் 704 x 576. டிவிடியில் அனுமதிக்கப்பட்ட அளவுகளில் அதுவும் ஒன்று. 43 நொடிக்கு டிவிடி எதற்கு? ஒரு சிடியில் 74 நிமிடம் விசிடியாகப் போடலாம். (தமிழ்ப் படங்கள் இரண்டு, மூன்று சிடியாக வந்ததற்குக் காரணம் இதுதான்.) விசிடியே போதும் என்று முடிவு செய்தான்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் 'பால் விசிடி' என்று இலக்கைச் சொன்னால் போதும். மற்ற எண்களை அதுவே வைத்துக்கொள்ளும். நொடிக்கு 25 படம், காட்சிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். அரை எம்பி கோப்பு ஏழு எம்பிக்கு மேல் வீங்கியது. ஆனால் அப்பாவின் முகம் ஒரு துளிகூடத் தெளிவாகவில்லை. ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு புள்ளி வந்திருக்கிறது, அவ்வளவே. மோரில் தண்ணீர் ஊற்றினால் சொம்பு நிறையும், மோர் கூடாது.

அறைத்தோழன் ஒருவன் சும்மா இருக்கவில்லை. பழைய வீடியோவைத் தெளிவாக்கும் ஏஐ மென்பொருள் ஒன்றில் அதைக் கொடுத்துப் பார்த்தான். முகம் பளிச்சென்று வந்தது. தோல் வழவழ என்று, கண் தெளிவாக... சிரிக்கும்போது வரிசையான பற்கள். அப்பாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. மூல வீடியோவில் அந்த இடம் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மென்பொருள் அதைப் பழுது என்று நினைத்து நிரப்பிவிட்டது. பார்த்ததும் அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது அப்பா மாதிரி யாரோ ஒருவர். அந்தக் கோப்பை அழித்துவிட்டான்.

மறுபடி ஜெராக்ஸ் கடை. பழைய கம்ப்யூட்டரில் இருந்த நீரோவில் 'டேட்டா டிஸ்க்' என்பதை விட்டு 'வீடியோ சிடி' என்பதைத் தேர்ந்து, வேகத்தைக் குறைத்து எழுதினான். 'ஃபைனலைஸ்' செய்வதையும் மறக்கவில்லை. அதை விட்டால் பல பிளேயர்கள் டிஸ்க்கை ஏற்காது.

திதி அன்று டிஸ்க் ஓடியது. கொம்பு, வர்ணம், சிரிப்பு, "போதும்மா". அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து 'ரிபீட்' பட்டனை அழுத்தினார். படையல் ஆறும்வரை அப்பா நாற்பது முறையாவது சிரித்திருப்பார்.

அக்காவின் பழைய மெமரி கார்டை, "அதான் சிடி இருக்கே" என்று மாமா தூக்கிப் போடப் பார்த்தார். அவன் விடவில்லை. மாற்றுவது வேறு, காப்பது வேறு. கம்ப்யூட்டரில் எழுதும் சிடியில் இருக்கும் சாயம் வெயிலிலும் சூட்டிலும் கெடும். பிளேயரும் ஒரு நாள் நின்றுபோகும். அப்போது வேறு வடிவம் வந்திருக்கும், அதற்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுவதற்கு அந்த அரை எம்பி மூலக் கோப்பு இருக்க வேண்டும். விசிடியிலிருந்து திரும்ப மாற்றினால் நகலின் நகல்தான் கிடைக்கும்.

இப்போது அந்தக் கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. அவன் லேப்டாப்பில், அக்காவின் பென்டிரைவில், அந்த மெமரி கார்டில். அம்மாவுக்கு அந்த விவரமெல்லாம் தேவையில்லை. அவருக்குப் பிளே பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும்.