கண்வலிக் காட்டில் ஒரு காலை

காலை ஆறே முக்காலுக்கு மூலனூரைத் தாண்டினேன். புரட்டாசி மாதம். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. "கண்வலிக் காடு பார்க்கோணும்னா ஏழு மணிக்குள்ள வந்துருங்க. வெயில் ஏறிட்டா வேலை முடிஞ்சிரும்ங்க" என்று தோட்டக்காரர் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

செங்காந்தளுக்குக் கொங்குப் பக்கம் கண்வலி என்று பெயர். பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். ஈழத்தில் இது கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். வேலியோரத்தில் தானாகப் படர்ந்து கிடந்த இந்தக் கொடி, விதைக்குக் கிடைத்த விலையால் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் பாத்தி கட்டி வளர்க்கும் பயிராகிவிட்டது.

செம்மண் காட்டில் சால் சாலாகக் கம்பிப் பந்தல். முன்பெல்லாம் கிளுவை நட்டு அதன்மேல் கொடியை ஏற்றிவிடுவார்களாம். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுவதால், கொடி எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்கிறது. நெஞ்சு உயரத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள். புதிதாக விரிந்தவை பச்சை கலந்த மஞ்சள். சற்று நாளானவை நுனி சிவந்து, அடி மஞ்சள். முற்றியவை முழுச் சிவப்பு. பூ தலைகுனிந்து தொங்க, ஆறு இதழ்களும் அலையலையாய் நெளிந்து மேல்நோக்கி மடங்கி நிற்கின்றன. தீ எரிவது போலத்தான் இருக்கிறது.

சால்களுக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். பேச்சே இல்லை. வயதில் மூத்த ஓர் அம்மாவின் அருகில் போய் நின்றேன். இடது கையால் ஒரு பூவை மெல்ல நிமிர்த்தினார். வலது கையில் இன்னொரு கொடியிலிருந்து கிள்ளிய மகரந்தப்பை. அதன் மஞ்சள் தூளைப் பூவின் சூலகமுடியில் ஒரு தடவை தொட்டு எடுத்தார். அடுத்த பூ. மீண்டும் அதே தொடுதல். சிலர் சிறிய பிரஷ் வைத்திருந்தார்கள். அவருக்கு விரலே போதும்.

"இந்தப் பூவே சேர்த்துக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"இங்க பாரு கண்ணு" என்று பூவைத் திருப்பிக் காட்டினார். ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றிலும் விரிந்திருக்கின்றன. சூல்தண்டோ அடியிலேயே மடங்கி, ஏறக்குறைய செங்கோணத்தில் பக்கவாட்டில் விலகிப் போய்விடுகிறது. அதன் நுனியில் மூன்றாகப் பிளந்த முடி. பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளாதபடி இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு இது. தேனீயோ வண்ணத்துப்பூச்சியோ வந்து சேர்க்க வேண்டும். இத்தனை ஆயிரம் பூக்களுக்கு அவை போதுவதில்லை. அந்த இடைவெளியை மனிதக் கை நிரப்புகிறது.

பார்ப்பதற்குச் சுலபம். அந்த அம்மா என் கையிலும் ஒரு மகரந்தப்பையைக் கொடுத்தார். நான் முதலில் பிடித்தது முழுச் சிவப்புப் பூ. "அது வயசான பூ, விட்ரு. மஞ்சளும் சிவப்புமா இருக்கறதைப் பிடி." அடுத்த பூவில் அழுத்தித் தேய்த்துவிட்டேன். "தேய்க்காத, முடி நசுங்கிப் போயிரும். தொட்டா போதும்." எந்தப் பூ இன்றைக்கு, எது நாளைக்கு என்பதை நிறத்தை வைத்தே கண் பிரிக்கவேண்டும். தூள் உலர்வதற்குள் முடிக்கவேண்டும். மழை வந்தால் அன்றைய பூ அவ்வளவுதான். கொடியின் கீழே காய் திரண்டுகொண்டிருக்கும்போதே மேலே புதுப்பூ விரிந்துகொண்டிருக்கும். அதனால் பூ ஓயும்வரை தினமும் காலையில் இதே சால்களில் இதே நடை.

காந்தள் என்றதும் படித்தவர்களுக்குச் சங்கப் பாடல் நினைவுக்கு வரும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட மலர்ப் பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்களின் விரல்களுக்கு இந்தப் பூவை உவமை சொல்லியே பழகியது நம் மரபு. இந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் மஞ்சள் தூள், கம்பி கீறிய தழும்புகள். இந்த விரல்கள் இல்லாவிட்டால் இந்தக் காட்டில் காய் பிடிப்பது அரிது.

மோட்டார் அறையில், நடவுக்கு மிஞ்சிய கிழங்குகளைத் தோட்டக்காரர் காட்டினார். இரண்டு விரல்களை விரித்தது போன்ற வடிவம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது. அதனால் நடும்போதும் தோண்டும்போதும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குகிறார்கள். விதை போட்டு வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே ஆடியில் கிழங்குதான் நடுகிறார்கள். பருவம் முடிந்ததும் கொடி காய்ந்து மடியும். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். நடவுச் செலவில் பெரும் பங்கு கிழங்குக்கே போகிறது. அழுகல் நோய் புகுந்துவிட்டால் போட்ட முதலே மண்ணோடு போய்விடும்.

செடி முழுக்க நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் சோற்றுத் தூக்கைத் திறப்பதில்லை. குழந்தைகளைக் காட்டுக்குள் விடுவதுமில்லை. அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேவும் காவென்டூவும் ஐரோப்பாவின் கோல்சிகம் செடியிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள் நம் கண்வலியின் விதையிலும் இருக்கிறது. யூரிக் அமிலம் சேர்ந்து மூட்டு வீங்கித் துடிக்கும் கௌட் நோய்க்கு அளவோடு கொடுக்கும் மருந்து அது. செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு என்று 1937இல் தெரியவந்தது. விதையில்லாத் தர்ப்பூசணி உருவானது அந்த வழியில்தான். கோல்சிசினுக்காகவே இந்த விதை கடல் தாண்டிப் போகிறது.

ஆனால் அதன் விலை இந்தக் காட்டில் இருப்பவர் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. "போன வருசம் ஒரு விலை, இந்த வருசம் ஒரு விலை. ஏன்னு கேட்டா வெளிநாட்டுல வாங்கலைங்கறாங்க" என்றார் தோட்டக்காரர். அரசே விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்யவேண்டும் என்பது இந்தப் பகுதி விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானது. மாநில மலர் என்று பெருமையோடு சொல்லும் நாம், அதை விளைவிப்பவருக்கு ஒரு நிலையான விலையைச் சொல்ல முடியவேண்டும். அந்தக் கணக்கில் இந்தப் பெண்களின் கைத்திறனுக்கும் இடம் வேண்டும். இந்தத் தோட்டத்தில் களை எடுப்பதற்கும் பூத் தொடுவதற்கும் ஒரே கூலிதான். அதைச் சொன்னபோது தோட்டக்காரர் தலைகுனிந்துகொண்டார். "விலை நிலையா நின்னா கூலியும் நிக்கும்ங்க" என்றார்.

கிளம்பும் முன் அந்த அம்மா கொடியின் கீழிருந்து இரண்டு காய்களைப் பறித்து வந்தார். இரண்டும் இன்னும் பச்சை. முற்றினால் உள்ளே விதை ஆரஞ்சுச் சிவப்பாகுமாம். முதல் காயை நகத்தால் பிளந்தார். மூன்று அறைகள். ஓர் ஓரத்தில் நாலைந்து விதை, மற்ற இடமெல்லாம் சுருங்கிய சக்கை. "இது மழை நாள்ல பூத்தது. யாரும் தொடலை." இரண்டாவதைப் பிளந்தார். மூன்று அறைகளிலும் இடைவெளி இல்லாமல், சோளமுத்து போல வரிசையாக விதை.

"இது?"

"நான் தொட்டது" என்றார்.

மணி பத்தரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு சால் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.