டோல்கேட் பக்கத்துல இன்னொரு கேட்!

விக்கிரவாண்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது ப்ரெண்ட்ஸ்? டோல்கேட்தானே! பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பஸ் நகராமல் நின்ன ராத்திரி ஞாபகம் வரும். கும்பகோணம், தஞ்சாவூர் பஸ்கள் திருச்சி ரோட்டை விட்டுப் பிரியுற ஊரும் இதுதான். 2024 அக்டோபரில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு இங்கே வி.சாலையில் நடந்தபோது டி.வி.யில் பார்த்திருப்பீங்க. சென்னையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஊர் தாண்டியிருக்கும்.

அடுத்த தடவை தூங்காம ஜன்னல் வழியா பாருங்க. ரெண்டு பக்கமும் கரும்பும் நெல்லுமா வயல். விழுப்புரம் வர்றதுக்கு முன்னால முண்டியம்பாக்கம் வரும். அங்கே ஒரு சர்க்கரை ஆலை இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கு. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடே அந்த மருத்துவமனையைத் திரும்பிப் பார்த்தது. ஏன் தெரியுமா?

ஒருத்தர் பார்க்க வந்தார்

விக்கிரவாண்டி பக்கத்து கிராமம் குண்டலப்புலியூர். அங்கே அன்புஜோதி ஆசிரமம்னு ஒரு இல்லம் இருந்தது. ஆதரவற்றவர்கள், மனநலம் பாதித்தவர்கள், வயசானவங்க எல்லாரும் அங்கே தங்கியிருந்தாங்க. 2021 டிசம்பரில் ஒரு முதியவரையும் அங்கே சேர்த்தாங்க. சில மாதம் கழிச்சு, அவருக்கு வேண்டியவர் ஒருத்தர் அவரைப் பார்க்க வந்தார். ஆள் இல்லை! பெங்களூருவில் வேறொரு இல்லத்துக்கு அனுப்பிட்டதா பதில் வந்தது. அங்கே போய்த் தேடினா, அங்கேயும் இல்லை.

வந்தவர் 'சரி'ன்னு திரும்பிப் போயிடலை. விஷயம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவாகப் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகளும் போலீசாரும் உள்ளே நுழைஞ்சாங்க. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டாங்க. அவர்களில் பலரை முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தாங்க. உரிய அனுமதி இல்லாம இல்லம் நடந்ததா அதிகாரிகள் சொன்னாங்க. உள்ளே கொடுமைகள் நடந்ததாகவும், இன்னும் சிலரைக் காணோம்னும் புகார்கள் வந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அத்தனை பேர் இருந்த இடத்தோட கதவு திறந்ததுக்குக் காரணம், ஒரே ஒருத்தரைத் தேடி ஒரே ஒருத்தர் வந்ததுதான்.

அட்டெண்டன்ஸ் எடுக்கறது யாரு?

காலேஜில் தினமும் நமக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க. ஒரு நாள் காணோம்னா வீட்டுக்கு மெசேஜ் போயிடுது. இல்லத்தில் இருக்கற தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கறது யார்? பார்க்க வர்றவங்கதான்! வருஷக் கணக்கா யாருமே வரலைன்னா, அவங்க இருக்காங்களா இல்லையான்னு கேட்க ஆள் இல்லைன்னு அர்த்தம்.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநல காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினாங்க. 28 பேர் இறந்தாங்க. 2017-ல் வந்த மனநல பராமரிப்புச் சட்டம், சிகிச்சை இல்லத்தில் இருப்பவருக்குப் பார்வையாளரைச் சந்திக்கவும், போன் பேசவும் உரிமை தந்திருக்கு. 'பார்க்க விருப்பமில்லை'ன்னு மறுக்கிற உரிமையும் அவருக்கே! கொரோனா காலத்தில் உலகம் முழுக்க முதியோர் இல்லங்களின் கதவு மூடிக்கிடந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இங்கிலாந்தில், பராமரிப்பு இல்லத்தில் இருப்பவங்களைப் பார்க்க வர்றவங்களுக்கு வழி செய்தே ஆகணும்னு 2024 ஏப்ரலில் விதியே கொண்டு வந்துட்டாங்க.

நாம என்ன செய்யலாம்?

உங்க என்.எஸ்.எஸ். யூனிட் ஒரு இல்லத்தில் 'உறவினர் சந்திப்பு நாள்' நடத்தலாமே! பிறந்தநாளுக்கு பிரியாணி கொடுத்து, வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுக்கற வேலை இல்லை இது. இதுக்கு ஒரு மாசம் முன்னாலயே உழைக்கணும்.

முதல்ல இல்லம் பதிவு பெற்றதான்னு பாருங்க. அப்புறம் நிர்வாகியோட உட்கார்ந்து, 'கடைசியா இவரைப் பார்க்க யார், எப்ப வந்தாங்க?'ன்னு ஒவ்வொருத்தரா எழுதுங்க. எத்தனை இடம் காலியா இருக்குன்னு பார்த்தா உங்களுக்கே கஷ்டமா இருக்கும். யாரைக் கூப்பிடணும்னு அங்கே இருக்கறவங்ககிட்டயே கேளுங்க. அவங்க சரின்னு சொன்ன பிறகு, இல்லம் மூலமா போனோ கடிதமோ போகட்டும். தேதி ஞாயிற்றுக்கிழமையா இருந்தா நல்லது. எந்த பஸ், எங்கே இறங்கணும், திரும்ப எப்ப பஸ்னு கடிதத்திலேயே எழுதிடுங்க. கிராமத்துக்குள்ள இருக்கற இல்லத்துக்கு வழி தெரியாமலே வராதவங்க உண்டு.

அன்னிக்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம். மரத்தடி நிழல்ல நாலஞ்சு இடத்துல ரெண்டு ரெண்டு நாற்காலி போதும். வந்தவங்களை உட்கார வச்சு, தண்ணி கொடுத்துட்டு நீங்க நகர்ந்துடுங்க. பேச்சு அவங்களுக்குள்ள இருக்கட்டும். ஸ்வீட் கொடுக்கறதுக்கு முன்னால நர்ஸைக் கேளுங்க. செல்போன் கேமரா பைக்குள்ள தூங்கட்டும். குழந்தைகள் இல்லமா இருந்தா, அடையாளம் தெரியற மாதிரி படம் வெளியிடறது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.

கஷ்டமான வேலை இனிமேதான். பக்கத்து நாற்காலிக்கு மகள் வந்திருப்பா. இந்தப் பாட்டி வாசலையே பார்த்துட்டு இருப்பாங்க. யாரும் வராதவங்க ஒவ்வொருத்தருக்கும் உங்கள்ல ஒருத்தர்னு முன்னாடியே பிரிச்சு வச்சுக்குங்க. பேர் கேளுங்க, ஊர் கேளுங்க. 'மாசாமாசம் வர்றேன் ஆயா'ன்னு வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க. முடியும்னா மட்டும் சொல்லுங்க, சொன்னா வாங்க. உள்ளே ஏதாவது சரியில்லைன்னு தோணினா, முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098. ரெண்டு நம்பரையும் இப்பவே போன்ல போட்டு வைங்க.

'ஸ்டூடண்ட்ஸால என்ன ஆகும்?'னு கேக்கறீங்களா? சென்னையில் மனநலம் பாதித்து ரோட்டில் திரிஞ்ச பெண்களுக்காக 1993-ல் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கின வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் அப்போ இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தாங்க. அங்கே குணமான பல பெண்களை ஊர் ஊராத் தேடிப்போய்க் குடும்பத்தோட சேர்த்திருக்காங்க.

அவ்வளவு பெரிசா வேண்டாம். உங்க ஊர்ல, உங்க காலேஜ் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கும். அந்த வாசல்ல ஒரு பார்வையாளர் நோட்டு இருக்கும். இந்த மாசம் அதுல உங்க பேரை எழுதுங்க. 'யாரைப் பார்க்க வந்தீர்கள்?'னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க... அதுல ஒரு பேரை எழுதுங்க. அடுத்த மாசமும் அதே பேரை எழுதுங்க.