மழைக்குப் பயந்த முதலாளி

பாலக்காடு மாவட்டத்திலிருந்து இடுக்கிக்குப் போக ஒரு வேடிக்கையான வழி உண்டு. கோவிந்தாபுரத்தில் கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சுற்றி, சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். எல்லை தாண்டும்போது பெயர்ப்பலகை மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் கேட்ட தமிழ் மறையூரிலும் மூணாறிலும் காத்திருக்கிறது. ஆளைப் பார்த்துத் தமிழிலோ மலையாளத்திலோ பேசுவது இங்கே பஸ் கண்டக்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் கைவந்த கலை.

சில ஆண்டுகளாக இந்த வழியில் மூன்றாவதாக ஒரு மொழியும் காதில் விழுகிறது. ஜன்னலோர இருக்கைகளில், இளம் பெண்களின் செல்போன்களில், கொரிய மொழி. இது திடீர் மோகம் அல்ல. 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் தந்தபோதே பலருக்கு ருசி தட்டிவிட்டது. இப்போது குரல் மாற்றம்கூடத் தேவைப்படுவதில்லை. இரு மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் எழுத்து ஒரு பொருட்டா?

2022-ல் வெளியான 'பிஸினஸ் புரபோசல்' நல்ல உதாரணம். மொத்தம் 12 அத்தியாயங்கள்தான். நம் ஊர்த் தொடர்களில் அதற்குள் கதாநாயகி காபித் தட்டோடு கூடத்துக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டாள். கொரியக் கதையும் பெண் பார்க்கும் படலத்தில்தான் தொடங்குகிறது. பணக்காரத் தோழிக்குப் பதிலாக, மாப்பிள்ளையை விரட்டியடிக்கப் போகிறாள் ஷின் ஹாரி. போன இடத்தில் உட்கார்ந்திருப்பவன் அவள் வேலை பார்க்கும் உணவுக் கம்பெனியின் முதலாளி! தாத்தாவின் கல்யாணத் தொல்லையிலிருந்து தப்பிக்க, வந்தவளையே கட்டிக்கொள்வதென்று அவன் முடிவு செய்துவிடுகிறான். பிறகு சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்?

சின்னாறு காட்டுக்குள் சிக்னல் பல இடங்களில் கைவிடும். முதலாளியும் ஹாரியும் பாதிப் பேச்சில் உறைந்து நிற்பார்கள். வெளியே மழை மறைவுப் பிரதேசத்தின் முள்காடு. மறையூரின் கரும்பு வயல்களும் சந்தன மரங்களும் வந்த பிறகு படம் மறுபடி நகரும். இன்னும் 40 கிலோமீட்டர் ஏறினால் மூணாறு. தேயிலை, பனி, மழை.

இங்கேதான் ஒரு கேள்வி. மூணாறின் தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளாகக் கம்பெனி தந்த லயங்களில் வாழ்பவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்து ஜெயித்தவர்கள் இங்கத்திய பெண் தொழிலாளர்கள். 'பெண்பிளை ஒருமை' என்ற அவர்களது பெயரை நாடே கேட்டது. முதலாளி என்றால் யாரென்று நன்றாகவே தெரிந்த இந்த ஊருக்கு, முதலாளி காதலிக்கும் கதை எதற்கு?

ஏமாந்து போய் யாரும் பார்ப்பதில்லை. கோழிக்கடை நடத்தும் அப்பா அம்மாவுக்காக ஹாரி சம்பளத்தை நம்பி இருக்கிறாள். வேலை போய்விடுமோ என்ற அவளது பயம் லயத்துக்குப் புரிகிறது. முதலாளிக்கோ மழை என்றால் நடுக்கம். ஒரு மழை நாளில் கார் விபத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவன் அவன். பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு ஆடி மழையில் கொழுந்து கிள்ளும் கைகள் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம், இரக்கமும் படலாம். நிஜத்தில் கிடைக்காத ஒரு சமநிலை, சுமார் ஒரு மணி நேரம்.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. கொரியர்களும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. லயத்துத் திண்ணையில் அந்த வழக்கு எடுபடாது. செல்போனில் ஹாரி அப்பாவைக் கூப்பிடும்போது, அடுப்படியில் இருக்கும் பாட்டியும் யாரென்று திரும்பிப் பார்க்கிறார்.