மூன்றாம் நபர்

போன ஆடியில் நல்ல சாரல். தென்காசியில் துணி உலர்த்த முடியவில்லை. குடை பிடித்தாலும் முகம் நனைந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுது" என்று யாராவது சொன்னால் போதும், என் வீட்டுக்காரம்மா துண்டை எடுத்துப் பையில் வைத்துவிடுவாள். அவள் பிறந்த ஊர் இது. நான் புதுச்சேரியில் கடலைப் பார்த்து வளர்ந்தவன். ஓய்வு பெற்று இங்கே குடிவந்து பதினைந்து வருடம் ஆகியும் அருவிக்கு அடியில் நிற்க எனக்குப் பயம்தான். அவள் குளிப்பாள், நான் வண்டியில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்வேன்.

அந்த வண்டியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும். 2019-ல் சர்க்கரைப் புண் ஆறாமல் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் திண்ணையில் கிடந்தேன். அடுத்த ஆண்டு கடைசியில் மகள் பணம் அனுப்பி, பின்னால் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஊரில் இதை 'சைடு வீல் வண்டி' என்பார்கள். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எப்போதும் ஒரு காற்று அடிக்கும், தெரியும் அல்லவா? அந்த வண்டியில் முதல் நாள் போய் அந்தக் காற்று முகத்தில் பட்டபோது, போன கால் திரும்பி வந்ததைப் போல் இருந்தது.

இன்சூரன்ஸ் விஷயம் அப்போதே வந்தது. ஷோரூம் பையன் இரண்டு கணக்கு எழுதிக் காட்டினான். ஒன்று ஃபுல் கவர், மற்றது தேர்டு பார்ட்டி மட்டும். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. அதை மட்டும் எடுத்தேன். எழுபது வயதுக்குமேல் நான் என்ன பந்தயமா ஓட்டப் போகிறேன்? சட்டம் கேட்பதைக் கட்டினோம், மிச்சம் பிடித்தோம் என்று ஒரு திருப்தி. முப்பத்திமூன்று வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, மற்றவர் விண்ணப்பத்தில் ஒரு தேதி தவறினால்கூடத் திருப்பி அனுப்பிய ஆள் நான். என் பாலிசியை நான் ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

ஆடியில் அன்று ஐந்தருவி போகும் சாலையில் எதிரே ஒரு சுற்றுலா வேன் வேகமாக வந்தது. ஒதுங்கினேன். இடப்பக்கச் சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கி மண்ணில் சாய்ந்தது. எனக்கு ஹேண்டில் பிடி இருந்தது; பின்னால் இருந்தவளுக்கு என்ன இருந்தது? கீழே விழுந்தாள். றம்பூட்டான் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. வேன்காரர் நிற்கவே இல்லை.

மாவுக்கட்டு, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரம் ஆயிற்று. அதைவிட, ஆறு வாரம் அவளால் வலது கையால் சாப்பிட முடியவில்லை. நான் பிசைந்து ஊட்டினேன். "எனக்கு இன்சூரன்ஸ்ல ஏதும் கிடைக்குமாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து பாலிசியை எடுத்தேன்.

அன்று இரவு அதைப் படித்தபோதுதான் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இலக்கண வகுப்பில் 'ஜெ, து, இல்' என்று தொடங்குவோம்: நான், நீ, அவன். தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை. பிரெஞ்சில் இந்தக் காப்பீட்டுக்கே 'ஓ தியேர்' என்றுதான் பெயர்; தியேர் என்றால் மூன்றாமவர். ஒப்பந்தத்தில் நான் முதல் ஆள், கம்பெனி இரண்டாவது ஆள், சாலையில் போகிற மற்ற எல்லாரும் மூன்றாம் ஆள். சரி, என் முதுகுக்குப் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி யார்?

நான் எடுத்திருந்த பாலிசியைப் பொறுத்தவரை, அவள் யாருமில்லை.

இது என் கோபத்தில் வந்த பேச்சு அல்ல. நம் நாட்டில் 1946 ஜூலை முதல் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். சாலையில் போகிற ஏழைக்கு அடிபட்டால், வண்டிக்காரனிடம் காசு இல்லாவிட்டாலும் இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மரணத்துக்கும் காயத்துக்கும் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் இலவசமாகப் பின்னால் ஏறி வருகிறவர் இந்தச் சட்டபூர்வ பாலிசிக்குள் வரமாட்டார் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஃபுல் கவர் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் பின்னிருக்கைக்காரரும் அடக்கம் என்று காப்பீட்டு ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை விட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னது. ஆக, நான் மிச்சம் பிடித்த காசில்தான் அவள் இடம் இருந்தது.

இதைச் சொன்னதும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "ஃபுல் கவர் இருந்திருந்தா ஆஸ்பத்திரி பில்லை அப்படியே தந்திருப்பாங்களா?"

இல்லை. அங்கேயும் ஒரு வேடிக்கை. ஓட்டியவரின் கவனக்குறைவால் அடிபட்டேன் என்று அவள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஓட்டியது நான். என்மேல்தான் வழக்கு. கம்பெனி என் சார்பில் கட்டும்.

"நாப்பத்தாறு வருஷத்துல போட வேண்டிய வழக்கு எத்தனையோ இருக்கு, இதுக்கா போடணும்?" என்றாள் கட்டுக்கையைத் தூக்கிக்கொண்டு.

இந்த ஆண்டு ஐந்து வருடம் முடிந்து புதுப்பிக்கும் நேரம் வந்தது. தெருவில் ஒரு இளைஞர் முகவராக இருக்கிறார், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். "பழையபடி தேர்டு பார்ட்டி போட்டுருவோமா அண்ணாச்சி?" என்றார். உட்காருங்கள் தம்பி என்று காகிதமும் பேனாவும் எடுத்தேன். அலுவலகத்தில் கோப்பு எழுதுவது போல ஒவ்வொன்றாக எழுதினோம். என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி யார் என்று முடிவு செய்ய வேண்டும். என் ஆர்.சி. புத்தகத்தில் அது சாதாரண ஸ்கூட்டர். பக்கச் சக்கரம் பொருத்திய இடத்தில் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். தவறு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்த வாகனத்துக்குத் தனியாகவே விளக்கம் இருக்கிறது. மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், சேதம் என்று போய் நிற்கும்போது "நாங்கள் காப்பீடு செய்த வண்டி இது இல்லையே" என்று சொல்ல அவர்களுக்கு நாமே வழி விடுகிறோம். நான் முதல் வேலையாக ஆர்.சி.யில் ஏற்ற வைத்தேன்.

அதில் ஒரு லாபமும் இருந்தது. மாற்றுத்திறனாளிக்கென்று மாற்றி அமைத்து, ஆர்.சி.யிலும் அப்படிக் குறித்த வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி தள்ளுபடி என்று 2002-ன் மோட்டார் கட்டண விதியிலேயே இருக்கிறது. ஐ.எம்.டி. 12 என்பது அதன் எண். முகவர் தம்பிக்கே அது புதுச் செய்தி. தேர்டு பார்ட்டிக்கு இந்தத் தள்ளுபடி இல்லை. அது அரசு நிர்ணயிப்பது, எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். 75-லிருந்து 150 சிசி வரையுள்ள வண்டிக்கு வருடத்துக்கு 714 ரூபாய் என்று 2022 ஜூனில் வைத்தார்கள்.

அடுத்து ஓட்டுகிறவருக்கான விபத்துக் காப்பீடு. சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ஒட்டி 2018-ல் இதைப் பதினைந்து லட்சமாக உயர்த்தினார்கள். அதற்குமுன் இருசக்கர வண்டிக்கு வெறும் ஒரு லட்சம். நான் முதல் வருடம் மட்டும் எடுத்து, பிறகு விட்டிருந்தேன். தேர்டு பார்ட்டி ஐந்து வருடம் ஓடுவதால் இதுவும் ஓடுகிறது என்று நினைப்பு. பலர் வீட்டில் இப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இதில் இரண்டு கை கால் போனால் முழுத்தொகை, ஒன்று போனால் பாதி. ஒரு காலுக்கு ஏழரை லட்சம்! சர்க்கரை கொண்டுபோன காலுக்கு யாரும் ஒரு பைசா தரவில்லை. இன்னொன்று: உரிமம் செல்லுபடியாக இருந்தால்தான் இந்தப் பணம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இருப்பவருக்கும் தனியாக விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். இருசக்கர வண்டியில் அதற்கு உச்சவரம்பு ஒரு லட்சம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவுகளுக்குப் பதினஞ்சு, எனக்கு ஒண்ணா?" தம்பி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் வங்கியில் இருபது ரூபாய்க்கு எடுக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா ஞாபகம் வந்தது. விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ இரண்டு லட்சம், பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். எழுபது வயது வரைதான். எனக்கு எழுபத்துநான்கு, கதவு சாத்தியாயிற்று. அவளுக்கு அறுபத்தெட்டு. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட வைத்தேன். கட்டுப் பிரித்த கையால் போட்ட கையெழுத்து, கொஞ்சம் கோணல். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மாவுக்கட்டுச் செலவுக்கு இதில் எதுவும் உதவாது. அதற்கு மருத்துவக் காப்பீடுதான்.

என்னோடு படித்தவன் ஒருவன் சொல்தாவாகப் பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவனுக்கும் இப்போது நடை இல்லை. மின்சார நாற்காலியில் கடைக்குப் போகிறான். தொலைபேசியில் கேட்டேன். "அதுக்கு எதுக்குடா வண்டி இன்சூரன்ஸ்? வீட்டு இன்சூரன்ஸ்லயே நான் யாரையாவது இடிச்சா அதுக்கும் சேர்த்துத்தான் இருக்கு" என்றான். அங்கே உச்ச நீதிமன்றமான கூர் த கஸ்ஸாசியோன், 2021 மே மாதத் தீர்ப்பில் மின்சாரச் சக்கர நாற்காலியை மோட்டார் வாகனமாகக் கருத முடியாது என்று சொல்லியிருக்கிறது. அதில் போகிறவர் பாதசாரியைப் போலத்தான், வண்டியோட்டி அல்ல. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நம் ஊரில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் எத்தனை பேர்? என் தெருவில் நான் பார்த்ததில்லை. நம்முடையது பெட்ரோல் ஸ்கூட்டர். சட்டத்துக்கு நாம் வண்டியோட்டிதான், கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கடைசியில் பேக்கேஜ் பாலிசி, ஐ.எம்.டி. 12 தள்ளுபடி, எனக்குப் பதினைந்து லட்சம், பின்னிருக்கைக்கு ஒரு லட்சம் என்று முடிவு செய்தேன். பக்கச் சக்கரத்தின் மதிப்பைத் தனியாக எழுத வைத்தேன். ஐந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் மதிப்பைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதுவரை சொந்தச் சேதக் காப்பீடு இல்லாததால் தம்பி வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். வெறும் தேர்டு பார்ட்டியைவிட ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகவே கூடுதல். ஐந்து வருடத்துக்கு நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு, அவள் மணிக்கட்டுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று அந்தக் காகிதத்திலேயே கழித்துப் பார்த்தேன். பிறகு காகிதத்தை மடித்துவிட்டேன். மழை நாளில் அவளுக்கு இன்னும் அந்த மணிக்கட்டு வலிக்கிறது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

இந்த ஆனியில் முதல் சாரல் விழுந்ததும் துண்டு பைக்குள் போய்விட்டது. நான்தான் தயங்கினேன். அவள் வந்து பின்னால் ஏறி, இந்த முறை இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே, இப்ப உன் பேரும் தாள்ல இருக்கு" என்றேன்.

"தாள்ல இருக்கட்டும். நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள்.

ஐந்தருவி வரை இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்த வேன்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.