இடப்பக்கத்துப் பெடல்

ஜூன் 9, திங்கள்

எல்.எல்.ஆர். கையில் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துச் சாலைக் குறிகளைக் காட்டிக் கேட்கிறார்கள். 60 சதவீதம் சரியாகச் சொன்னால் போதும். எனக்கு வயது 46. நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்கிவர வேண்டும் என்பதால் வரிசையில் என் காகிதக் கட்டு மட்டும் கனமாக இருந்தது. முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு போனார்கள். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஆனால் 30 நாள் கழியாமல் டெஸ்டுக்குப் போக முடியாது.

ஜூன் 12, வியாழன்

விடியற்காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட்டினேன். நடைப்பயிற்சிக்காரர்கள், பால்காரர்கள், நாய்கள், பிறகு நான். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். “பயப்படாதீங்கக்கா, என் காலும் இங்கதான் இருக்கு” என்றார். அந்தத் தைரியத்தில்தான் மூன்றாவது கியர் வரை போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று முழுக்க ஆஃப் கிளட்ச். இத்தனை வருஷம் காரில் உட்கார்ந்து போயிருக்கிறேன், ஓட்டுகிறவரின் இடது கால் என்ன செய்கிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. இன்ஜின் ஓடும்போது அதோடு சேர்ந்து ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிளேட் விலகும். விட்டால் போய் ஒட்டும். ஒரேயடியாக விட்டால் நிற்கிற காரின் சக்கரங்களை இன்ஜின் இழுக்க முடியாமல் அணைந்துபோகும். ஒட்டியும் ஒட்டாமலும் உரசுகிற இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. தோசைக்கல்லில் மாவு ஊற்றலாமா என்று தண்ணீர் தெளித்துச் சத்தம் கேட்போமே, அந்த மாதிரி அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். இன்ஜின் சத்தம் கொஞ்சம் தணியும், பானெட் லேசாக அசையும். அங்கே காலை நிறுத்தணும் என்றார் மாஸ்டர். மேம்பால ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தச் சொன்னார். சத்தம் தணிந்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். பின்னால் உருளாமல் வண்டி ஏறியது. ஒரு வார்த்தைகூடப் பாராட்டவில்லை மனிதர். அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் பிளேட் தேயும் என்றார்.

ஜூலை 2, புதன்

முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம் ஒதுங்கி நின்றது. என் காரும் நின்றது. “நிறுத்துனது நானா, நீங்களா?” என்று கேட்டேன். “ரெண்டு பேரும்தான்க்கா.” இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நாளையிலிருந்து காலை சீட்டுமேல் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “ஓனர் பார்த்தா வேலை போயிரும்” என்று சிரித்தார். ஆனாலும் இரண்டு கால்களையும் கதவுப்பக்கமாக நகர்த்தி வைத்தார். அதன்பிறகு ஓட்டியதுதான் என் கணக்கில் ஓட்டியது.

ஜூலை 14, திங்கள்

டெஸ்ட். ஒரு பக்கம் பைக்கில் பையன்கள் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என் காரில் ஏறி, மாஸ்டர் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்தார். எடுங்க, செகண்ட் போடுங்க, ஓரங்கட்டுங்க, ரிவர்ஸ் வாங்க. அவ்வளவுதான். கையெழுத்தாகிவிட்டது.

சந்தோஷம்தான், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பிரேக் இருக்கிற காரை ஓட்டிக் காட்டினேன். இனி ஓட்டப்போவதோ ஒரு பிரேக் இருக்கிற கார். பளிச்சென்ற வெயிலில் ஓட்டினேன். எதிரே ஹைபீம் போட்டுக்கொண்டு வரும் லாரியை இன்னும் சந்திக்கவில்லை. இரவில் ஒருமுறை ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் என்று வைத்தால் ஊரே கத்தும். கத்தினால் கத்தட்டும் என்பேன்.

ஜூலை 26, சனி

தபாலில் கார்டு வந்தது. 10 வருஷம் செல்லும். 2019-இல் திருத்திய சட்டப்படி முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு அவ்வளவுதான். முப்பது ஆகாதவர்களுக்கு நாற்பது வயது வரை. ஆக, 18 வயதில் வாங்குகிற பையனுக்கு 22 வருஷம்! டாக்டர் சீட்டும் கிடையாது அவனுக்கு.

ஜூலை 27, ஞாயிறு

எங்கள் காரிலேயே மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குப் போனோம். இடப்பக்கத்தில் இவர். பஸ் ஒன்று குறுக்கே வந்தபோது மிதித்தேன், நின்றது. நிறுத்தியது யார் என்று இம்முறை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், இவர் ஒரு கையால் மேல்பிடியைப் பற்றிக்கொண்டு வலது காலால் மிதியடியை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க, அங்க பெடல் கிடையாது.”

“தெரியும். நீ ரோட்டைப் பாரு.”

திரும்பி வரும்போது பின்சீட்டில் உட்காருங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்தால் முன்னால் வருவது சரியாகத் தெரியாதாம். இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்குமாம்.